படம் எடுக்காத கலியாணம்

பிஸ்கால் வந்தபோது நான் கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நீதிமன்றத்து அழைப்பாணைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருபவரை எங்கள் ஊரில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதிலிருந்து இறங்காமலே மகனின் முழுப் பெயரையும் வாசித்தார். தகப்பனின் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்து ஒருவர் தெருவில் நின்று சத்தமாக வாசித்தபோது, வீட்டில் இருக்கிற எல்லோருமே குற்றம் செய்துவிட்டதுபோல இருந்தது.

"மகன் நிக்கிறாரோ அம்மா?"

"வேலைக்குப் போட்டான். என்ன விசயம்?"

"தாபரிப்பு வழக்கு. தாய்தானே, நீங்கள் ஒப்பம் வைச்சு எடுக்கலாம்."

பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னவாம் அக்கா, விசாவோ?"

"ஓம், அதுதான்" என்றேன். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

உள்ளே வந்து கதிரையில் இருக்க முடியாமல் நின்றபடியே வாசித்தேன். உடுப்பிட்டியில் வசிக்கும் இன்னாள், என் மகனுடைய மனைவி, ஆறு மாதக் கர்ப்பிணி, கணவர் தன்னைக் கைவிட்டுவிட்டதால் தனக்கு மாதாந்தத் தாபரிப்பும், கர்ப்ப கால வைத்தியச் செலவும், பிரசவச் செலவும் பெற்றுத்தரும்படி கேட்கிறாள். மனைவி என்ற சொல்லைத் தாண்டி என் கண் போகவில்லை. அந்தச் சொல்லை எந்தக் கடதாசியிலும் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

நான் ஒரு பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரங்களின் பிரதிகள் கொடுக்கும் பகுதியில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் பெயருக்கென்று ஒரு கூடு இருக்கிறது. தாய் தகப்பன் பதிவுத் திருமணம் செய்யாதவர்களென்றால், தகப்பன் சம்மதித்து வந்து ஒப்பம் வைத்தால்தான் அந்தக் கூட்டில் அவன் பெயர் ஏறும். இல்லாவிட்டால் நீதிமன்றம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரு கோடு. அந்தக் கோடு உள்ளே மறையும்படி பத்திரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவென்று எத்தனையோ தாய்மார் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். பதிவைத்தான் நாங்கள் எழுத்து என்போம். "எழுத்தை முதல் எழுதுங்கோ பிள்ளை, தாலி ஆறுதலாக் கட்டலாம்" என்று எத்தனை பேருக்கு நானே புத்தி சொல்லியிருக்கிறேன்.

என்னுடைய மகனுக்கு மட்டும் எழுத்து வேண்டாம் என்றேன்.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் கனடாவில் இருக்கிறாள். அவள் எங்களைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டபோது, எனக்கும் என் கணவருக்கும் கீழே, எங்களில் தங்கியிருக்கும் மணமாகாத பிள்ளை என்று மகனின் பெயரையும் சேர்த்தோம். படிவத்தை நிரப்பியது நான்தான். என் எழுத்து நல்ல எழுத்து. விண்ணப்பம் வருடக்கணக்கில் இழுபட்டது. அதற்கிடையில் நெல்லியடியில் போன் திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டிருந்த மகனிடம், திரை உடைந்த போனோடு ஒரு பெண் வந்தாள். உடுப்பிட்டிப் பெண், முன்பள்ளி ஆசிரியை. அந்த போனை அவன் மூன்று தரம் திருத்தினான். மூன்றாம் தரம் அதில் பிழையே இருக்கவில்லை என்று பிறகு அவளே சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

பெண்ணின் தகப்பன் வெங்காயத் தோட்டம் செய்பவர். இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் திரிவதை ஊர் கதைக்கத் தொடங்கியதும், கலியாணத்தை முடித்து வைத்துவிடுவோம் என்று வந்தார். விசா வரும்வரை அவன் கடதாசியில் மணமாகாதவனாக இருக்க வேண்டும் என்று நான் விளங்கப்படுத்தினேன். எங்கள் பகுதியில் இது புதிய விசயம் இல்லை. வெளிநாட்டுக் கேஸ் இருக்கிற பெடியனுக்குத் தாலி மட்டும் கட்டுவித்துவிட்டு, எழுத்தை அவன் போய்ச் சேர்ந்து திரும்பி வந்து எழுதட்டும் என்று விட்டுவிடுவார்கள். அவரும் அப்படி இரண்டு கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். தலையாட்டினார். பெண் மட்டும் கேட்டாள்: "மாமி, நீங்கள் எழுத்துக் கந்தோரிலை இருந்துகொண்டு எழுத்து வேண்டாம் எண்டுறீங்கள்?"

"உங்கடை நன்மைக்குத்தான் பிள்ளை."

கோயிலில் முப்பது பேர் கூட இல்லை. ஒரு தவில், ஒரு நாதஸ்வரம். படப்பிடிப்பாளர் இல்லை, வீடியோ இல்லை. முகநூலில் யாராவது ஒரு படம் போட்டு அது எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் போச்சு என்ற பயம் எனக்கு. கோயில் வாசலிலேயே ஒரு பனையோலைப் பெட்டியோடு நின்று, வந்தவர்களின் போன்களை எல்லாம் வாங்கி அதற்குள் போட்டேன்.

"என்ன மிஸ், சோதனை மண்டபமோ?" என்றார் ஒருவர்.

"சம்மந்தியம்மா, ஒரே ஒரு படம்" என்று பெண்ணின் தாய் கெஞ்சினா. "என்ரை பிள்ளை கூறைச்சேலையோடை நிக்கிறதை ஒண்டு எடுக்க விடுங்கோ. நான் ஒருத்தருக்கும் காட்டமாட்டன்."

"விசா வரட்டும். பேந்து பெரிசாச் செய்து அல்பம் அடிப்பம்."

தாலி கட்டும் நேரத்தில் பெட்டிக்குள் இருந்த போன் ஒன்று அடிக்கத் தொடங்கியது. எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் தாலி கட்டியதை நான் பார்க்கவே இல்லை. ஐயர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன அம்மா, களவாக் கட்டுற கலியாணமே இது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பெண்ணின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி மட்டும் இரண்டாவது போனை ஒளித்து வைத்திருந்து ஒரு படம் எடுத்துவிட்டாள். நான் கண்டுவிட்டேன். மாலையும் கழுத்துமாக இருந்த மகனிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் தொழில்காரன் அல்லவா, படத்தை அழித்து, அழித்தவை போய் இருக்கும் இடத்திலிருந்தும் அழித்துவிட்டு, "முடிஞ்சுது அம்மா" என்றான்.

எங்கள் வழக்கப்படி மகன் பெண் வீட்டில்தான் போய் இருந்தான். ஏழெட்டு மாதம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை தங்கியதும் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். அங்கே தகப்பன்மாருக்கும் ஒரு வகுப்பு நடந்ததாம். மருத்துவமாது ஒரு பொம்மையைக் கையில் கொடுத்துத் துணி கட்டச் சொன்னதையும், தான் கட்டிய துணி கழன்று விழுந்ததையும், பக்கத்தில் நின்ற மீன்பிடிக்காரர் வலை முடிச்சுப் போட்டதையும் எங்கள் குசினியில் நின்று நடித்துக் காட்டினான். நான் மூக்கால் தேத்தண்ணி வரச் சிரித்தேன். அந்த மகனை நான் மறக்கவில்லை. அதனால்தான் பிறகு நடந்ததை நம்ப எனக்குக் கனநாள் பிடித்தது.

மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லி கனடா விசாக் கந்தோரிலிருந்து கடிதம் வந்த கிழமைதான் எல்லாம் மாறியது. பிள்ளை பிறந்தால் அதையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டி வரும், சொன்னால் கேஸ் திரும்பவும் பின்னுக்குப் போகும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஏன் பிள்ளை என்று அவளோடு சண்டை பிடித்தான். நாலு மாதப் பிள்ளை வயிற்றில் இருந்தது. ஒருநாள் பின்னேரம் உடுப்புப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். "ரெண்டு நாள் நிண்டிட்டுப் போறன்" என்றான். போகவில்லை. பிறகு அவளுடைய இலக்கத்தைத் தடுத்துவிட்டான்.

பெண்ணின் தாய் ஒருதரம் வந்தா. கிளினிக் அட்டையையும் ஸ்கான் துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு, குருதி குறைவாம், யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுகினம், ஓட்டோவுக்கும் பரிசோதனைக்கும் கொடுத்தே முடியவில்லை என்றா. நான் தேத்தண்ணி கொடுத்தேன். "விசா வரட்டும், எல்லாம் சரிவரும்" என்றேன். அந்த மனுசி தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனா. கோப்பையை நான் நாலுதரம் கழுவியது நினைவிருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம்தான் பிஸ்கால் வந்தது.

மகன் வேலையால் வந்ததும் அழைப்பாணையைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மேசையில் போட்டான்.

"மனைவியாமோ? எங்கை எழுத்து? எங்கை படம்? ஒரு படம் காட்டட்டும் பாப்பம்."

"நீ என்னடா கதைக்கிறாய்?"

"நீங்கள்தானே அம்மா எல்லாத்தையும் வடிவாச் செய்தனீங்கள். ஒரு ஆதாரமும் இல்லை."

அவன் ஏளனமாகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னான். என்னை உலுக்கியது அதுதான். நான் அன்றைக்குக் கட்டிய மதிலுக்குப் பின்னால் அவன் பத்திரமாக நிற்கிறான், அதற்கு எனக்கு நன்றி சொல்கிறான்.

சட்டத்தரணியிடம் நானும் போனேன். வயதான மனிதர், மேசை லாச்சியை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார். மகனுக்கு நிதானமாக விளங்கப்படுத்தினார்.

"தம்பி, கவனமாக் கேளும். பிள்ளை பிறந்தாப் பிறகு, எழுத்து இருந்தாலென்ன இல்லாட்டியென்ன, தகப்பன்தான் அந்தப் பிள்ளையைத் தாபரிக்க வேணும். நீர் இல்லையெண்டால் டி.என்.ஏ. எடுப்பினம், தப்பேலாது. ஆனா இப்ப பிள்ளை பிறக்கேல்லை. இப்ப அவ உம்மடை மனைவியெண்டு சொல்லித்தான் வயித்துப்பிள்ளைச் செலவைக் கேக்கிறா. கோயில் கலியாணமும் கலியாணம்தான், சட்டம் ஏற்கும். ஆனா நடந்ததெண்டு காட்ட வேணும்."

"காட்டேலாது" என்றான் மகன். "பிள்ளை பிறந்து, டி.என்.ஏ. எடுத்து முடிய எவ்வளவு காலம் எடுக்கும்?"

"எடுக்கும். தவணை தவணையாப் போகும்."

"அதுக்குள்ளை எனக்கு விசா வந்திடும்."

சட்டத்தரணி லாச்சியை மூடினார். மகன் சொன்னதை வைத்து ஒரு சத்தியக் கடதாசி அடித்து வைத்திருந்தார். என் மகனுக்குத் திருமணம் எதுவும் நடந்ததை நான் அறியேன், அவன் என்றும் என் வீட்டிலேயே வசித்து வருகிறான் என்று நான் சத்தியம் செய்வதாக அதில் இருந்தது.

"அம்மா, பொய்யை எழுதச் சொல்லி நான் கேக்கேல்லை. உங்களுக்குச் சரியெண்டால் வழக்குத் தவணைக்கு முதல் ஒப்பம் வைச்சுக் கொண்டாங்கோ."

அந்தக் கடதாசி பதினொரு நாள் என் கைப்பையில் இருந்தது. பேருந்தில் இருக்கும்போது பையைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் பயம், ஒரு கணம் கையில் தட்டுப்படாவிட்டால் அதைவிடப் பயம். வீட்டில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டினேன். இவர், என் கணவர், கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து இளைப்பாறியவர், பேச்சுக் குறைவு. "இஞ்சரும், ஒரு ஒப்பம்தானே" என்றார். பிறகு, "எனக்கெண்டால் கை வராது" என்றார்.

மகள் போனில் அழுதாள். "அம்மா, உங்கடை பேரப்பிள்ளையள் ரெண்டும் உங்களைத் திரையிலைதான் கண்டதுகள். இப்ப போய் ஒண்டும் கதைச்சுக் குழப்பாதேங்கோ. அந்தப் பெட்டைக்கு நான் காசு அனுப்புறன். தம்பி இஞ்சை வந்தாப் பிறகு தானே குடுப்பான்."

"குடுப்பானோ?"

மகள் மூக்கைச் சிந்தினாள். பிறகு, "நான் சொல்லிக் குடுக்கப் பண்ணுவன்" என்றாள். தம்பியைப் பற்றி அவளுக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் கந்தோரில் கூட்டம். தலை நிமிராமல் விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அவள் நிற்கிறாள். வயிறு முன்னுக்கு வந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது. கழுத்தில் தாலிக்கொடி சட்டைக்கு வெளியே கிடந்தது. வேண்டுமென்றே வெளியே எடுத்துவிட்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"மிஸ், ஒரு விசயம் கேக்கலாமோ?"

மாமி என்று கூப்பிட்டவள். தலையை ஆட்டினேன்.

"பிள்ளை பிறந்து பதியேக்கை, தகப்பன் வந்து ஒப்பம் வைக்காட்டி, தகப்பன்ரை கூட்டிலை என்ன எழுதுவினம்?"

அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பக்கத்து மேசைப் பிள்ளை தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் என் வாய் தானாகவே பதில் சொன்னது.

"ஒண்டும் எழுதமாட்டினம்."

"வெறுமையா விடுவினமோ?"

"கோடு போடுவினம்."

"ஆர் போடுறது?"

"பதிவாளர்."

"நீங்கள் இல்லையோ?"

"இல்லை. நான் பிரதி மட்டும்தான் குடுக்கிறனான்."

"அப்ப அஞ்சு வருசத்தாலை, பள்ளிக்கூடத்துக்குப் பிரதி எடுக்க நான் உங்களிட்டைத்தான் வர வேணும்" என்றாள். "சரி மிஸ், தெரிஞ்சு வைக்கத்தான் கேட்டனான்."

திரும்பி நடந்தாள். கால் வீங்கிச் செருப்புக்குள் அடங்கவில்லை; குதி வெளியே தேய்ந்துகொண்டு போனது. நான் அடுத்தவரின் விண்ணப்பத்தை வாங்கினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எவ்வளவு வாசித்தும் விளங்கவில்லை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. உடுப்பிட்டிக்குப் போனேன். பெண்ணின் தகப்பன் வெங்காயத் தறையில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை. வரம்பில் நின்றபடியே சொன்னேன்:

"உங்கடை லோயரிட்டைச் சொல்லி என்ரை பேரைச் சாட்சியிலை போடச் சொல்லுங்கோ."

"ஆருக்குச் சாட்சி?"

"உங்கடை பிள்ளைக்கு."

அவர் இன்னும் இரண்டு புல்லைப் பிடுங்கி மண்ணைத் தட்டினார். கிணற்றடியில் நின்ற தாய் அங்கிருந்தே கேட்டா: "என்னவாம் அந்த மனுசி? போன் வாங்க வந்தவவோ?"

"சும்மா இரு" என்றார் அவர். பிறகு என்னிடம், "மகனுக்கு எதிராச் சொல்லுவீங்களோ? அங்கை போய் வாய் தடுமாறினால் என்ரை பிள்ளைதான் இன்னும் கேவலப்படும். யோசிச்சு வாங்கோ" என்றார்.

"யோசிச்சிட்டன்" என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை. யோசித்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று பயந்துதான் பேருந்தில் ஏறினேன்.

தவணைக்கு முதல் நாள் பின்னேரம், ஒப்பம் வைக்காத கடதாசியை மகனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"நாளைக்குக் கேட்டால் உள்ளதைச் சொல்லுவன். பெட்டியிலை போன் வாங்கினது நான், படத்தை அழிக்கச் சொன்னது நான், எல்லாம் சொல்லுவன்."

"என்னை நாசமாக்கப் போறீங்கள்."

"உனக்குப் பிள்ளை பிறக்கப் போகுதடா."

"அக்காவைப் பாக்க உங்களுக்கு ஆசை இல்லையோ? நீங்களே நிரப்பின படிவம் அம்மா அது!"

அது உண்மை. அவன் கத்திக்கொண்டே போய் மோட்டார் சைக்கிளை எடுத்தான். கேற்றைத் திறந்துவிட்டுப் பூட்டாமல் போனான். நான் போய்ப் பூட்டினேன். பிறகு, அவன் வந்தால் திறப்பு இல்லாமல் நிற்பானே என்று திரும்பவும் திறந்து வைத்தேன்.

நீதிமன்றத்தில் அவன் என் பக்கம் பார்க்கவில்லை. முன் வாங்கில் அவள், அவளுக்கு இரு பக்கமும் தாயும் தகப்பனும். நான் கடைசி வாங்கு. காணிச் சண்டை, கசிப்புச் சாராயம், சாரதி அனுமதிப்பத்திரம் என்று வழக்குகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும் என் முழங்கால் தானாக ஆடியது. பக்கத்தில் இருந்த கிழவர், "பிள்ளை, வாங்கு ஆடுது" என்றார்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதவான் ஒரு பெண், என்னைவிட இருபது வயது குறைவாக இருக்கும். மனுதாரர் என்று அவளையும் எதிராளி என்று மகனையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கடதாசிகளைப் புரட்டிவிட்டு நீதவான் மகனைப் பார்த்துக் கேட்டார்:

"இந்தப் பெண்ணுக்கு நீர் தாலி கட்டினீரா?"

நான் எழும்பி நின்றுவிட்டேன். அதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அம்மா, இருங்கோ. உங்கடை பேர் இன்னும் கூப்பிடேல்லை" என்றார் வாசலில் நின்ற பொலிஸ்காரர்.

நான் இருக்கவில்லை. நீதவான் நிமிர்ந்து, அது யார் என்று கேட்டார்.

"எதிராளியின் தாயார். எங்கள் தரப்புச் சாட்சி" என்றார் அவளுடைய சட்டத்தரணி.

மகன் திரும்பினான். அன்று முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதை அதில் பார்த்தானா, எனக்குத் தெரியாது. அவனுடைய சட்டத்தரணி காதில் ஏதோ சொன்னார். அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

"கட்டினனான்" என்றான்.

"சத்தமாகச் சொல்லும்."

"ஓம். கட்டினனான். பிள்ளையும் என்ரைதான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அவள் தோள் மட்டும் இறங்கியது தெரிந்தது.

பிறகு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. கிளினிக், ஸ்கான், பரிசோதனை, பிரசவம் ஆகியவற்றின் செலவை மகன் கொடுக்க வேண்டும். மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேண்டும், தவறினால் பிடியாணை. பிள்ளை பிறந்ததும் பதிவுக்குப் போய் ஒப்பம் வைக்க வேண்டும். என் பெயரைக் கூப்பிடவே இல்லை. நான் சொல்லவென்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் என்னுடனேயே திரும்பி வந்தது.

மகனின் பெயரை விண்ணப்பத்திலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். மகள் மூன்று கிழமை போன் எடுக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் விசா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மகன் வீட்டில் சாப்பிடுகிறான், என்னோடு கதைப்பதில்லை. அவன் திரும்பி உடுப்பிட்டிக்குப் போகவில்லை. அவளும் வரச்சொல்லிக் கேட்கவில்லை. "செலவை ஒழுங்காக் கட்டட்டும், பிள்ளையை வந்து பாக்கட்டும், மற்றதை நான் யோசிக்கேல்லை" என்று சொன்னாளாம்.

ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலேயே ஒரு சிறிய அறையில் பதிவாளர் இருந்தார். மகன் வருவானா என்று காலையிலிருந்து வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். பத்தரைக்கு வந்தான், கடை மேலங்கியோடு. பதிவாளர் படிவத்தைத் திருப்பி வைத்து இடத்தைக் காட்டினார். அவனிடம் பேனை இல்லை. என் கைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். வாங்கினான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவன் ஒப்பம் வைத்து முடிக்கும்வரை அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தலைகீழாக வாசித்தும் பார்த்தேன். பெயரில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

வெளியே மர நிழலில் பெண்ணின் தகப்பன் பிள்ளையை வைத்திருந்தார், பக்கத்தில் அவள் நின்றாள். தாய் போனை எடுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"இண்டைக்குப் படம் எடுக்கலாமோ சம்மந்தியம்மா? இல்லாட்டிப் பெட்டி கொண்டு வந்தனீங்களோ?"

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மட்டும் கீழே பார்த்தாள், சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"எடுங்கோ" என்றேன்.

"தம்பி, நீரும் வாரும்" என்றார் பெண்ணின் தகப்பன். மகன் கடைக்கு நேரமாகிவிட்டது என்றான். பிறகு வந்து ஓரமாக நின்றான். பிள்ளை அந்த நேரம் பார்த்து அழத் தொடங்கியது. துணி கழன்றிருந்தது. மகன் கையை நீட்டி அதைத் திரும்பக் கட்டினான். அதை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்த படத்தில் அவன் கமராவைப் பார்க்காமல் நிற்கிறான். அவள் பிள்ளையைப் பார்க்கிறாள். நான் அதில் இல்லை.

அன்று பின்னேரம் அந்தப் படம் என் போனுக்கு வந்தது. அவள்தான் அனுப்பியிருந்தாள், ஒரு சொல்லும் எழுதாமல். மகளுக்கு அனுப்பலாமா என்று இன்னும் தெரியவில்லை. மாதாந்தம் கட்டும் நாள் வரும்போது இப்போதும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. காசு கட்டின பற்றுச்சீட்டை அவன் மேசையில் போடும்வரை கேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு மாதம் கட்டியிருக்கிறான். மூன்றாவது வருகிற வெள்ளிக்கிழமை. அதுவரை கந்தோரில் வேலை நடுவில் போனை எடுத்து, அந்தப் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறேன்.